துஷ்டி கேட்க வந்தவர்கள்

எங்கள் பாட்டுகளைப் பற்றி இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். நல்ல விதமாகத்தான் எழுதியிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு அரிசி களையப் போயிருப்பேன். பாராட்டுகிற ஆளை என்ன செய்வது?

பல வருடம் காணாமல் போயிருந்த கோதிக் மெட்டல் குழு ஒன்று திருநெல்வேலியில் இருந்து திரும்பி வந்திருக்கிறதாம். ஆல்பம் முழுக்க ஒரு மூட்டம் கவிந்திருக்கிறதாம். சூழலை உருவாக்குவதில் குழு தேர்ந்துவிட்டதாம். சூழல், சூழல் என்று அந்தச் சின்னக் கட்டுரைக்குள் எத்தனை தடவை எழுதினார் என்று அவருக்கே தெரியாது. தார் உருகுகிற வெயிலில் கிடக்கும் ஊரில் இருந்து இவ்வளவு இருட்டு எப்படி வந்தது என்று வேறு வியந்திருந்தார். ஆறாவது பாட்டில் டிரம்ஸையே வேண்டாம் என்று ஒதுக்கிய துணிச்சலைப் புகழ்ந்திருந்தார். அந்தப் பாட்டின் பின்பாதியில் இரும்புக் கேட் திறக்கிற ஓசை வரும். பிளாஸ்டிக் நாற்காலிகள் தரையில் இழுபடும். பல பேர் அடங்கிய குரலில் பேசுவது கேட்கும். அதெல்லாம் ஒலி வடிவமைப்பின் உச்சமாம்.

கைப்பேசியைக் கட்டிலில் எறிந்தேன். வடிவமைப்பாம். அந்தக் கேட் எங்கள் வீட்டுக் கேட். அதன் கீலுக்கு எண்ணெய் விட வேண்டும் என்று நினைத்து நினைத்து மறந்துபோகிறவள் நான்தான். அவரவர் வாய்க்கு வந்தபடி எழுதுவதற்கு முன்னால் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

நான் கடற்கரைக்காரி. திருச்செந்தூருக்குத் தெற்கே, உப்புக் காற்றில் ஜன்னல் கம்பியெல்லாம் பொரிந்துபோகிற ஒரு மீனவ ஊர். அப்பா கடலுக்குப் போனார். அம்மா வீட்டையும் என்னையும் பார்த்துக்கொண்டார். நான் ஒரே பிள்ளை. நாங்கள் கத்தோலிக்கர்கள், மாதா கோவிலைக் கோவில் என்றுதான் சொல்வோம். அங்கே பாடித்தான் எனக்குத் தொண்டை திறந்தது. கணிதம் படிக்கப் பாளையங்கோட்டைக்கு வந்தேன். இன்றைக்கும் அங்கேதான் ஒரு பள்ளியில் கணிதம் நடத்துகிறேன்.

கல்லூரியில் என் வகுப்பில் ஒருவன் இருந்தான். நெசவுக்கார முஸ்லிம் குடும்பம். அவன் அண்ணன் துபாயில் இருந்து விடுமுறைக்கு வரும்போது வீடே சென்ட்டுக்கும் பிஸ்தாவுக்கும் காத்திருக்க, இவன் மட்டும் பாட்டு சிடி கேட்பான். கிதாரை அவனே கற்றுக்கொண்டான். அவன் ஒருநாள் என் காதில் மாட்டிவிட்ட பாட்டில் கிதார் கனமாக, மெதுவாக, சப்பரம் நகர்கிற மாதிரி நகர்ந்தது. அதற்கு மேலே ஒரு பெண்குரல் சாவைப் பற்றிப் பாடியது. உறையில் கறுப்பு உடுப்பு, மெழுகுதிரி, கல்லறை, குருசு. "இதுக்குப் பேரு கோதிக் மெட்டல். வெளிநாட்டுச் சரக்கு" என்றான் பெருமையாக. எனக்குச் சிரிப்பு வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை எங்கள் ஊர்க் கோவிலில் நடப்பதற்கு யாரோ மின்சார இணைப்புக் கொடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். இதை எங்கோ பனி பெய்கிற கோட்டைக்குள் உட்கார்ந்துதான் கண்டுபிடித்தார்கள் என்று சொன்னால் எங்கள் ஊர்ப் பெண்கள் வாய்விட்டுச் சிரிப்பார்கள்.

தூத்துக்குடி துறைமுக வேலைக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் டிரம்ஸ் அடிக்க வந்தான். மூன்று பேரும் குழுவானோம். கல்லூரி மேடைகளில் பாடினோம். ஒரு சிடி போட்டோம். சாத்தான் பாட்டு என்று சொன்னவர்கள் உண்டு. சினிமாக் குத்துப் பாட்டைக் குழாய் ஒலிபெருக்கியில் கட்டி, விடிகிற வரை ஊரின் காதைக் கிழிக்கிறவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அதில் சாத்தான் இல்லையாம். மூன்று நிமிடம் சாவைப் பற்றிப் பாடினால் வந்துவிடுவானாம்.

அம்மா ஒரு தடவை எங்களைக் கேட்க வந்தார். முதல் வரிசையில், காதுக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் அலற, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "ஆனா அழுவ வேண்டிய எடத்துல நீ அழகா பாடுத."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அம்மாவுக்கு அதைச் சொல்லும் உரிமை இருந்தது என்பதால் வாயை மூடிக்கொண்டேன். ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். பெண்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, இறந்தவர் செய்ததைச் சொல்லிச் சொல்லி ராகம் போட்டு அழுவதை நாங்கள் ஒப்பு வைப்பது என்போம். அம்மா முதல் அடியை எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்களுக்கு அழுகை வரும். எத்தனையோ பேருக்காக அழுதவர்.

பிறகு கிதார்க்காரன் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனான். டிரம்ஸ்காரன் துறைமுகத்தில் சேர்ந்தான். நான் கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். யாரும் யாரோடும் சண்டை போடவில்லை. சம்பளம் வந்தது, பாட்டு நின்றது.

அம்மா கொரோனாவின் இரண்டாம் அலையில் போனார்.

ஆஸ்பத்திரியில் இருந்து ஜிப் வைத்த பையில் நேரே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். அப்பாவுக்கும் தொற்று இருந்ததால் ஊரில் எங்கள் தெருவையே தகரம் அடித்து மூடியிருந்தார்கள். அவர் தகரத்துக்கு அந்தப் பக்கம். நான் பாஸ் வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். மதிலுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். வெள்ளை உடுப்பு மாட்டிய ஆட்கள் பையை இறக்கினார்கள். பங்குச் சாமியார் தூரத்தில் நின்று செபம் சொன்னார். ஒரு கைப்பிடி மண் போட வேண்டும் என்று கேட்டேன், கூடாது என்றார்கள். வாயைத் திறந்து அம்மா என்று ராகம் எடுத்தேன். முதல் அடிகூட முடியவில்லை, முகக்கவசம் போட்ட ஓர் அதிகாரி கையைக் காட்டினார். "சத்தம் போடாதீங்க மேடம், கூட்டம் கூடிரும்."

நோய் பொய் என்று நான் சொல்லவில்லை. அம்மாவையே எடுத்துக்கொண்ட நோயைப் பொய் என்று சொல்வேனா? ஆனால் அதற்குச் சில வாரம் முன்னால் அதே தெருவுக்குள் மாலையும் மேளமுமாக ஓட்டுக் கேட்டு வந்தவர்களை எந்தத் தகரமும் தடுக்கவில்லை. அவர்கள் கூட்டம் கூடலாம். ஊர் முழுக்க அழுது கொடுத்த ஒருத்திக்காக அவள் மகள் ஓர் அடி அழக் கூடாது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது, எரியட்டும்.

எங்கள் பக்கம் சாவு வீட்டுக்குப் போவதைத் துஷ்டி கேட்பது என்பார்கள். பெயர்தான் கேட்பது, யாரும் எதுவும் கேட்பதில்லை. வீட்டு ஆண் வாசலில் நிற்பார். வருகிறவர் இரண்டு கைகளையும் நீட்டுவார். இவர் அந்தக் கைகளைத் தொட்டு வாங்கிக்கொள்வார். பேச்சு கிடையாது. வந்தவர் கொஞ்ச நேரம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடுவார், வருகிறேன் என்று சொல்ல மாட்டார். அம்மா போன அன்று அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாராம். தெரு முனையில் தகரம். யார் வருவார்கள்? பொழுது சாய்ந்ததும் தானாக உள்ளே போய்ப் படுத்துவிட்டார் என்று எதிர்வீட்டு அக்கா பின்னால் சொன்னார்கள்.

அப்பாவை என்னோடு பாளையங்கோட்டைக்குக் கூட்டிவந்துவிட்டேன். நான் கல்யாணம் கட்டவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் அம்மாவைப் பற்றிப் பேசுவதே இல்லை.

போன வருடம் கிதார்க்காரன் நீண்ட விடுப்பில் வந்தான். தாடி பாதி நரைத்திருந்தது. வந்த வேகத்தில் என் வீட்டு வாசலில் நின்று, "ஏட்டி, தொண்ட இன்னும் இருக்கா, வித்துட்டியா?" என்றான். மறு வாரமே மாடி அறையில் மெத்தைகளைச் சுவரில் சாய்த்து, போர்வைகளைத் தொங்கவிட்டு ஒலிப்பதிவு தொடங்கிவிட்டது. விஷயம் எப்படியோ பள்ளிக்கூட ஆசிரியர் அறை வரை போனது. இந்த வயதில் ஒரு டீச்சர் கறுப்பு உடுப்பு மாட்டிக்கொண்டு கத்தலாமா என்று கேட்டார்கள். நரைத்த தாடியோடு தலையை ஆட்டி ஆட்டி வாசிக்கிறவனை அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்கு அது ஆர்வமாம், எனக்கு மட்டும் கிறுக்காம்.

பாட்டுகள் முன்பைவிட மெதுவாக வந்தன. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் தண்ணீர் விழுகிற ஓசையைப் பதியப் போனோம். வாழைத்தார் ஏற்றின லாரிக்காரர் ஒருவர் ஹாரனை அமுக்கிக் கெடுத்தார். அவரைத் திட்டிய திட்டும் சேர்ந்து பதிவாகிவிட்டது. அதை வெட்டிவிட்டுத் தண்ணீரை மட்டும் வைத்திருக்கிறோம்.

டிரம்ஸ்காரனோடு வேறு தொல்லை. சாம்பல் புதன் வந்து தபசுக்காலம் தொடங்கிவிட்டால் உயிர்ப்புத் திருநாளான ஈஸ்டர் வரை டிரம்ஸைத் தொட மாட்டான். சின்ன வயதில் கோவிலில் பழகிய பழக்கம். கெஞ்சினோம், அதட்டினோம், அசையவில்லை. ஐந்து பாட்டுகளுக்கு அதற்கு முன்பே அடித்து முடித்திருந்தான், ஆறாவது மிச்சம். பெரிய வியாழனுக்குப் பிறகு கோவில் மணி ஓய்ந்துவிடும் அல்லவா? அந்த நாட்களில் மணிக்குப் பதில், இரும்பு வளையம் பொருத்திய ஒரு பலகையை ஆட்டி டகடகவென்று ஓசை எழுப்புவார்கள். அதே மாதிரி ஒன்றை அவனே செய்து எடுத்துவந்தான்.

"இது மட்டும் வாத்தியம் இல்லியாலே?" என்று கிதார்க்காரன் கேட்டான்.

"இதா? இது பலகைல்லா" என்றான் இவன்.

அந்தத் துணிச்சலைத்தான் கட்டுரைக்காரர் புகழ்ந்திருக்கிறார்.

ஆறாவது பாட்டு அம்மாவுக்கான ஒப்பு. நான்கு வருடம் தொண்டையில் நின்றது. கிதாரைக் கீழே ஒரே சுரத்தில் இழுத்துவிட்டு, பலகை ஓசையை வைத்து, மேலே நான் ஒப்பு வைப்பது என்று முடிவு செய்தோம். அந்த ஒன்றுக்காகத்தான் நான் திரும்பிப் பாட வந்தேன் என்றே சொல்லலாம். அம்மாவுக்கு ஒப்பு வைக்காமல் மற்ற ஐந்து பாட்டுகளை வெளியே விட எனக்கு மனசு வரவில்லை.

அப்பாவுக்கு அது தெரிந்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"பொணம் இல்லாத வீட்டுல ஒப்பு வைக்கப்பிடாது. கேட்டியா? யாரையாவது கூப்பிட்டுரும்."

"பொணம் இருந்தப்ப வைக்க விட்டாவளாப்பா?"

"விடல. அதுக்கு? காலம் போச்சு. இனி அது பாட்டுமில்ல, அழுகையுமில்ல. வேண்டாம் மக்கா."

"உங்களுக்கு அழுவாண்டாம்னா நீங்க அழுவாண்டாம். எனக்குப் பொறுக்கலப்பா."

அவர் எழுந்தார். கை கழுவப் போய்விட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபம் அந்த அதிகாரிமேல்கூட வந்ததில்லை. வெளியாள் தடுத்ததைப் புரிந்துகொள்ளலாம். கூட வாழ்ந்தவரே தடுத்தால் நான் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

மாசி மாதத்தில் ஓர் இந்துச் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் ஊருக்குப் போயிருந்த அன்று மாடியில் பாடிப் பதிவு செய்துவிட்டேன். அதற்காக நான் வருத்தப்படவில்லை. ஆனால் கல்யாணத்தில் இருந்து திரும்பிய அப்பா நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் கிடந்தார். மூச்சு வாங்க அவர் படுத்திருந்ததைப் பார்த்தபோது, கூப்பிட்டுரும் என்று அவர் சொன்னது பலித்துவிடுமோ என்று பயந்தேன். கணிதம் சொல்லிக்கொடுக்கிறவள் இப்படிப் பயப்படலாமா என்று என்மேலேயே எரிச்சல் பட்டேன். பயம் போகவில்லை. அவர் தேறி வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு ஒழுங்காகச் சோறு இறங்கியது.

அந்த நேரம் பார்த்துச் சென்னையில் இருந்து ஆறாவது பாட்டு வந்தது. ஒலிக்கலவை செய்ய அங்கே ஒருவரிடம் கொடுத்திருந்தோம். போட்டுக் கேட்டேன். பாட்டில் இப்படி ஓர் இடம் உண்டு:

கரைக்கு வந்த தோணிக்குக் கயிறு வாங்க ஆளுண்டு,
கண்ண மூடிப் போனவளே, ஒனக்குக் கைமண்ணு போடலையே.

கைமண்ணு என்ற இடத்தில் என் குரல் உடைந்திருந்தது. உடைந்த குரல் அங்கே இல்லை. வழவழவென்று, சலவைக்குப் போய் வந்த சட்டை மாதிரி ஒரு குரல் அந்த இடத்தைக் கடந்து போனது. உடனே கூப்பிட்டேன்.

"அக்கா, அங்க சுருதி விலகிடுச்சு. சரி பண்ணிட்டேன்" என்றார் அவர், உதவி செய்த தொனியில். "இன்னும் ஒண்ணு சொல்லட்டா? கிராமத்து ஃபீல் வேணும்னா ஓர் உறுமி சேர்க்கலாம். இப்ப அதான் போகுது."

எனக்கு வாயில் என்ன வந்ததோ அதையெல்லாம் சொன்னேன். அழுகையில் சுருதி விலகாமல் பின்னே சேர்ந்தா நிற்கும்? உன் வீட்டில் யாரும் அழுததில்லையா? நாங்கள் எங்கள் அம்மாவைப் பற்றிப் பாடினால் உங்களுக்குக் கிராமத்து ஃபீல், அதற்கு உறுமி வேறா? பாவம், அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கடைசியில், திருத்தாத பதிவிலும் மின்விசிறி இரைச்சல் மிக அதிகம் என்றும், அதை எடுத்தால் குரலும் சேர்ந்து போகிறது என்றும், திரும்பப் பாடி அனுப்பினால் கை வைக்காமல் விடுவதாகவும் சொன்னார். மாசி மாதத்திலும் மின்விசிறி கேட்கிற ஊரில் பிறந்ததுதான் என் குற்றம்.

திரும்பப் பாட வேண்டும். அப்பா வீட்டில் இருக்கிறார், எங்கேயும் போகிற நிலையில் இல்லை. கிதார்க்காரனுக்கு விடுப்பு முடிகிறது. அந்தச் சனிக்கிழமையை விட்டால் வேறு நாள் கிடையாது. காலையில் காப்பியைக் கொடுத்துவிட்டு நேராகவே சொன்னேன்.

"அப்பா, நான் இன்னைக்கு அம்மாவுக்கு ஒப்பு வைக்கப் போறேன்."

அவர் என்னைப் பார்த்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "நீ வைக்கது வை. நான் வெளிய போய் இருக்கேன்" என்று சொல்லி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய், கேட்டுக்குப் பக்கத்தில் வீட்டுக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தார். மேலே ஏறும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆகாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மின்விசிறியை நிறுத்தியாயிற்று. புழுக்கம் தாங்காமல் ஜன்னலையும் மொட்டைமாடிக் கதவையும் திறந்து வைத்தோம். அறைக்குள் அடித்தால் பலகை காதைப் பிளக்கிறது என்று டிரம்ஸ்காரன் மொட்டைமாடியில் போய் நின்றான். நான் பாடுவது அவனுக்குக் கேட்க வேண்டுமே? கிதார்க்காரன் பெரிய ஸ்பீக்கர் ஒன்றை மொட்டைமாடிச் சுவரில் தூக்கி வைத்தான். அதனால் எங்கள் தெருவுக்கு என்ன கேட்கும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பாடினேன். கைமண்ணு என்ற இடம் வரும் முன்பே குரல் உடைந்துவிட்டது. நிறுத்தினேன். மறுபடி எடுத்தேன், மறுபடியும் உடைந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மூன்றாவது தடவை தொடங்கியபோது கீழே கேட் கிறீச்சிட்டது. ஒரு தடவை, இன்னொரு தடவை. யாரோ பேசுகிற சத்தம். டிரம்ஸ்காரன் பலகையோடு உள்ளே ஓடிவந்தான்.

"கீழ ஆளா வருது. மாலையெல்லாம் வருது."

கிதார்க்காரன் மாடியில் இருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். "யா அல்லா. மவுத்துன்னு, சாவு விழுந்துட்டுன்னு நெனச்சிட்டாவ."

போன வாரம்தான் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்து வந்தார். தெருவுக்கே தெரியும். இன்றைக்கு அவர் மகள் ஒப்பு வைத்து அழுகிறாள். வேறென்ன நினைப்பார்கள்? அவர்கள் நினைத்ததில் தப்பில்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரியவில்லை. ஓர் அழுகையை முழுசாக அழ இந்த உலகம் ஒருபோதும் விடாதா என்று கொதித்துக்கொண்டு படியிறங்கினேன். சாவும் இல்லை, ஒன்றும் இல்லை, இது பாட்டு, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று கத்துவதற்கு வார்த்தைகளை வரிசையாக வைத்திருந்தேன்.

வாசல் நிலையில் நின்றுவிட்டேன்.

தெருமுனைக் கடை அண்ணாச்சி கேட்டுக்குள் நின்றார். கையில் ரோஜா மாலை. யாருக்காக மாலை வாங்கி வந்தாரோ அவரே எதிரில் எழுந்து நின்றால் மனிதர் என்ன செய்வார்? வாய் திறந்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் தெருக்காரர்கள் தோளில் துண்டோடு நின்றார்கள்.

"பெரியவரே... நீங்கதான்னு..." என்று இழுத்தார்.

அப்பா தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். "நானில்ல அண்ணாச்சி" என்றார். "எம் பொஞ்சாதி."

அண்ணாச்சிக்கு எங்கள் கதை தெரியும். அவுக போயி வருசமாச்சே என்று கேட்க வாயெடுத்ததை நான் பார்த்தேன். கேட்கவில்லை. மாடியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். மாலையை நாற்காலி முதுகில் தொங்கவிட்டார். அப்புறம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

அப்பா அந்தக் கைகளைத் தொட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்தவர் நீட்டினார். அதற்கடுத்தவர். எங்கள் கூடத்தில் கிடந்த நாற்காலிகளை யாரோ வெளியே இழுத்துப் போட்டார்கள். பெண்கள் என்னைத் தாண்டி உள்ளே போய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஐஸ் பெட்டிக்கு வேறு அண்ணாச்சி சொல்லிவிட்டிருக்கிறார். அதை ஏற்றிக்கொண்டு வந்த வண்டிக்காரர் கேட்டில் நின்று எங்கே இறக்க வேண்டும் என்று கேட்டார். "பெட்டி வேண்டாம். நீ வந்து இரிப்பா" என்று அப்பா அவருடைய கைகளையும் வாங்கிக்கொண்டார். அவரும் துண்டை எடுத்துவிட்டு ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் வரிசையாக வைத்திருந்த ஒரு வார்த்தையும் வாயில் இல்லை. அப்பாவின் முகம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளக் கை ஓயவில்லை, கைகள் வந்துகொண்டே இருந்தன. என்னை அப்போதுதான் பார்த்தார். நான் பாடுவதை நிறுத்திவிட்டு அங்கே நிற்பது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஏன் நிறுத்திட்ட?" என்று அதட்டினார். "ஆளு வருதுல்லா. போய் பாடு."